சியோலில் ஒரு 'பில்லா'

2023ஆம் ஆண்டு ஒரு திட்டவேலைக்காகச் சியோலில் மூன்று மாதம் இருந்தேன். எங்கள் குழுவில் ஒரு கொரியப் பெண் இருந்தார். வயது இருபத்தெட்டு இருக்கும். ஒருநாள் என்னிடம் வந்து, "பில்லாவுக்குக் கொடுத்த ஜொன்சே காசு திரும்பி வராது போலிருக்கிறது. நீதிமன்றம் போகவேண்டும், ஒரு கிழமை லீவு கிடைக்குமா?" என்று கேட்டார். டொரொன்டோவில் இருந்த மேலாளருக்கு நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன்: வில்லா வாடகை டெபொசிட் தொடர்பான பிரச்சினை, ஒரு கிழமை விடுப்புத் தேவை.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "வில்லாவில் இருக்கிற ஒருவருக்கு ஒரு மாத வாடகைக் காசுக்காக ஒரு கிழமையா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முற்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டும்தான் கேட்கலாம். அவர் அதைத்தான் நினைத்தார். பிழை என்னுடையது. இரண்டு சொற்களை மொழிபெயர்த்தேன், இரண்டும் பிழை.

முதலில் பில்லா. ரஜினி, அஜித் படம் இல்லை! கொரிய மொழியில் 'வி' ஒலி கிடையாது, அதனால் வில்லா பில்லாவாகிவிட்டது. ஆனால் மாறியது ஒலி மட்டுமில்லை. அதை விளங்கிக்கொள்ள அப்பார்ட்மென்டிலிருந்து தொடங்கவேண்டும். கொரியர்கள் அதை 'அப்பாத்து' என்பார்கள்.

ஸ்காபரோவில் வளர்ந்த எனக்கு அப்பார்ட்மென்ட் என்றால் வாடகைக்கு இருக்கும் மாடிக் கட்டடம். அம்மா அப்பா கனடா வந்ததும் இருந்த இடம், காசு சேர்த்து வெளியேறவேண்டிய இடம். சொந்தமாக வாங்கினால் அதற்குக் கொண்டோ என்று பெயர். கொரியாவில் கதை தலைகீழ். காசு சேர்த்து உள்ளே போகும் இடம்தான் அப்பாத்து. சட்டத்திலேயே வரையறை உண்டு: வீடுகள் உள்ள மாடிகள் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது அப்பாத்து.

இந்த மதிப்பு தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. 1962இல் சியோலின் மாப்போ பகுதியில் ஆறு மாடி அப்பாத்துத் தொகுதி ஒன்றை அரசு கட்டியது. திறப்பு விழாவுக்குப் பார்க் சுங் ஹீ நேரில் வந்தார். சனங்களோ தயங்கினார்கள். கிம்ச்சி, சோயா விழுது எல்லாம் நிரப்பிய மண்சாடிகளை முற்றம் இல்லாத வீட்டில் எங்கே வைப்பது? ஆனால் சியோலில் இடம் போதவில்லை. 1960இல் ஏறத்தாழ 24 இலட்சம் பேர் இருந்த நகரம் 1990இல் ஒரு கோடியைத் தாண்டியது. அவசர அவசரமாகக் கட்டினார்கள். 1970 ஏப்ரல் 8ஆம் தேதி வாவூ என்ற அப்பாத்துக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டி முடித்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில்தான் 'மேன்ஷன்' என்ற சொல் வந்து சேர்ந்தது. வசதியானவர்களுக்கென்று ஹான் ஆற்றங்கரையில் கட்டிய அப்பாத்துக்கு 'ஹாங்காங் மேன்ஷன்' என்று பெயர் வைத்தார்கள். (ஹாங்காங் என்றால் ஹான் ஆறு, அந்த ஹொங்கொங் இல்லை.) ஆங்கிலத்தில் மேன்ஷன் என்றால் மாளிகை. இங்கே அது ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. சிரிக்காதீர்கள். சென்னை திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் தனி ஆண்கள் தங்கும் சின்னச் சின்ன அறைகள்.

பில்லாவும் பெருமைக்குத்தான் வந்தது. 1980களில் பணக்காரர்களின் தாழ்ந்த கட்டடங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு நாலு மாடிக்கு மேற்படாத சாதாரணச் செங்கல் கட்டடங்கள் எல்லாம் அதையே எடுத்துக்கொண்டன. இன்றைக்கு அப்பாத்து வாங்க வழியில்லாதவர்கள், வேலைக்குப் புதிதாக வந்த இளையவர்கள் இருக்கிற இடம்தான் பில்லா. என் மேலாளரின் மனதில் நீச்சல்குளம் இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் பில்லாவில் லிஃப்ட்கூட இல்லை.

அடுத்தது ஜொன்சே. இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் இல்லை, அதனால்தான் இன்னும் மோசமாக மாட்டிக்கொண்டேன். மாத வாடகைக்கு அங்கே 'வொல்சே' என்று பெயர். ஜொன்சேயில் மாத வாடகையே கிடையாது. வீட்டின் விலையில் பாதி, சிலவேளை எண்பது வீதம் வரை ஒரே தொகையாக வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டும். இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போகும்போது முழுக்காசும் திரும்பக் கிடைக்கும். ஏன் இப்படி? 1960, 70களில் வங்கிகள் ஏற்றுமதித் தொழில்களுக்குத்தான் கடன் கொடுத்தன. வீட்டுக்குக் கடன் கிடைப்பது அரிது. குடியிருப்பவரே வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் வங்கியானார்.

அந்தப் பெண் கொடுத்தது அவருடைய சேமிப்பு, அவருடைய பெற்றோரின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். அதைத்தான் நான் டெபொசிட் என்று எழுதியிருந்தேன்.

இது ஏன் பில்லாக்களில் அதிகம் நடந்தது என்று அவரே விளக்கினார். அப்பாத்து வீடுகள் ஒன்றுபோல இருக்கும், அடிக்கடி கைமாறும், சரியான விலை எல்லோருக்கும் தெரியும். பில்லா ஒவ்வொன்றும் ஒருவிதம். வீட்டின் பெறுமதிக்குச் சமமாகவே ஜொன்சே வாங்கினாலும் புதிதாக வருபவருக்குத் தெரியாது. அதற்கு 'கங்தோங் ஜொன்சே' என்று பெயர். கங்தோங் என்றால் தகரப் பேணி, உள்ளே ஒன்றுமில்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. குடிபுகுந்து முகவரியைப் பதிந்தாலும் சட்டப்படி உங்கள் உரிமை மறுநாள் 0 மணிக்குத்தான் தொடங்கும். வீட்டுக்காரர் வங்கியில் அந்த வீட்டை ஈடுவைத்தால் அது அன்றைக்கே செல்லும். ஏலத்தில் வங்கிக்குத்தான் முதல் காசு. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும், அசல் ரேஸ் கண்டிஷன். 2023 ஜூனில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

ஜொன்சேயை எப்படி எழுதுவது என்று யோசித்தபோதுதான் அம்மம்மா சொல்லும் 'ஒற்றி' நினைவுக்கு வந்தது. காணியைக் கொடுத்துக் காசு வாங்குவது. காசு கொடுத்தவர் வட்டி கேட்கமாட்டார், விளைச்சலை எடுத்துக்கொள்வார். காசைத் திருப்பினால் காணி திரும்பும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுத்த தேசவழமையிலேயே அது இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டைக்கூட ஒத்திக்கு, போக்கியத்துக்கு விடுவார்கள், சென்னையில் அதையே லீஸ் என்பார்கள். ஆங்கிலத்தில் கிடைக்காத சொல் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

மேலாளருக்கு மறுபடி எழுதினேன். இந்தமுறை டெபொசிட்டும் இல்லை, வில்லாவும் இல்லை. "பழைய கட்டடத்தில் உள்ள சிறிய வீடு ஒன்றின் விலையில் ஐந்தில் நாலு பங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறார், அது போய்விட்டது." எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒற்றியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரவு அம்மாவுக்கு அழைத்துக் கேட்டேன்.

"எங்க வரும்? அம்மம்மான்ர வயல மீட்கக் காசு சேர்த்து முடியமுதலே சண்டை வந்திட்டுதே" என்றார் அம்மா.