தறியும் பள்ளிக்கூடமும்

பள்ளிக்கூடம் திறப்பதென்றால் நம்மவர்கள் விஜயதசமி பார்ப்பார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, பிள்ளைகளுக்குப் பொரி கடலை கொடுப்பார்கள். மூடுவதற்கு நாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஒரு காகிதம் வரும். அல்லது உபாத்தியாயர் காலமாகிவிடுவார். மறுநாள் காலை திண்ணை காலியாக இருக்கும், அவ்வளவுதான். பள்ளிகளைத் திறந்தவர்களின் பெயரைச் சரித்திரம் கல்லில் பொறித்து வைத்திருக்கிறது. மூடிய அன்று மாலை அந்தத் தெருவில் தகப்பனும் தாயும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அது எழுதி வைக்கவில்லை. எனக்கென்னவோ அந்தப் பேச்சில்தான் நம் நாட்டுக் கல்வியின் கதை பாதிக்கு மேல் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

ஆரணியை எடுத்துக்கொள்வோம். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஊர். 1751-ஆம் ஆண்டு ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டையில் ஜெயித்தான் என்று பாடப் புத்தகம் சொல்லும். பிறகு நெடுங்காலம் மராட்டிய ஜாகீர்தார்களின் ஊராக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் துணிக்குத் தனிப் பெயர் உண்டு. பின்னால் பட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கிளைவை விடவும் ஜாகீர்தாரை விடவும் இந்த ஊரை ஆண்டது தறிதான். நெசவாளர் வீட்டில் கூடம் வேறு, பட்டறை வேறு என்பதில்லை. குழித்தறிக்கு இடம் ஒதுக்கியது போக மிஞ்சியதுதான் வீடு. விடியற்காலையில் தெருவில் பாவு விரிப்பார்கள். மனைவி இழை பிரிப்பாள். பாட்டி ராட்டையில் தார் சுற்றுவாள். உடம்பு ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பையனின் கையாகத்தான் இருந்தது. ஆகவே, மற்ற ஊர்களில் பிள்ளையின் பொழுது விளையாட்டுப் பொழுது. இங்கே அதற்கு ஒரு விலை இருந்தது.

இப்படிப்பட்ட ஊர்களுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் பொருத்தமாக அமைந்தது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஜில்லாதோறும் கணக்கெடுக்கச் சொல்லி, 1826-ல் தம் குறிப்பை எழுதினார். ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண் குழந்தைகள் வெறும் 4,540. அநேகமாக எல்லாமே சர்க்கார் உதவியில்லாத சிறிய தனியார் பள்ளிகள். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, கொஞ்சம் மணல், ஒரு பிரம்பு. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். இந்த முறையைச் சென்னையிலே பார்த்து ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இங்கிலாந்துக்கே கொண்டு போனார். சம்பளம் நெல்லாகவும் வரும், வாவுக் காசாகவும் வரும். இல்லாதவன் அடுத்த அறுவடைக்கோ, அடுத்த சேலைக்கோ தவணை சொல்லலாம். வாத்தியார் அதே தெருவாசி. எங்கே ஓடிவிடப் போகிறான் என்று விட்டுவிடுவார்.

ஆனால் அந்தப் பள்ளிக்கு ஆயுள் வாத்தியாரின் ஆயுள்தான். அவர் கண் மூடினால் பள்ளியும் மூடியது. பெற்றோருக்கு அப்போது மூன்று வழிகள். நாலு வீட்டார் சேர்ந்து வேறொரு வாத்தியாரைக் கொண்டு வரலாம். அடுத்த ஊரில் மாமன் வீடு இருந்தால் பையனை அங்கே விடலாம். இரண்டும் இல்லையென்றால், தறி இருக்கவே இருக்கிறது. பெண் குழந்தைக்கு முதல் இரண்டு வழிகளும் கிடையாது என்பதை அந்த 4,540 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சர்க்கார் மானியம் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைப் பரீட்சித்துத் தேறியவர்களை எண்ணி வாத்தியாருக்குப் பணம் கொடுப்பார். திண்ணை வாத்தியார் 'மானேஜர்' ஆனார். வருமானத்தோடு கூடவே ஓர் அபாயமும் வந்து சேர்ந்தது: மானியம் கொடுக்கிற கை, நிறுத்தவும் கூடும் அல்லவா? 1929-ல் ஹார்டாக் கமிட்டி தன் அறிக்கையை வெளியிட்டது. முதல் வகுப்பில் சேருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்காம் வகுப்பை எட்டுவதே இல்லை, பணம் வீணாகிறது, பள்ளிகளைப் பெருக்குவதை விட இருப்பதைச் செம்மைப்படுத்துங்கள் என்றது. அதையடுத்த ஆண்டுகளில் சென்னை ராஜதானியில் ஏராளமான சின்னஞ்சிறு பள்ளிகள் மூடப்பட்டன.

அதிகாரிகளின் வாதத்தை நான் பரிகசிக்கமாட்டேன். பதினைந்து பிள்ளைகளும் ஒரு தளர்ந்த வாத்தியாரும் உள்ள இடத்தைப் பள்ளி என்று அழைக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஆரணிப் பக்கத்து முதிய நெசவாளர் ஒருவர், தம் தகப்பனாரின் பள்ளிப்படிப்பு முடிந்த விதத்தை எனக்குச் சொன்னார். "தாத்தா கோவிச்சுக்கலீங்க. பலகையை வாங்கிப் பரண் மேலே வெச்சாராம். தார்க்குச்சியைக் கையிலே குடுத்தாராம். பெரிய பள்ளிக்கூடம் ரெண்டு மைல். போய்வர நேரத்திலே கால் முழம் நெய்யலாமே!" அது கல்நெஞ்சுக்காரன் போட்ட கணக்கல்ல. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்கும்போது, எந்தத் தகப்பனும் போடக்கூடிய கணக்கு. தெரு வாத்தியாராக இருந்தால் வாசலில் வந்து நின்று, "ஏம்ப்பா, பையனை இன்னும் ஒரு வருஷம் விட்டு வையேன்" என்று கேட்டிருப்பார். இரண்டு மைலுக்கு அப்பாலிருக்கும் பள்ளி வந்து கேட்காது.

1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளுக்காகக் கொண்டு வந்த திட்டத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அரசியல் சட்டம் பத்தாண்டுகளில் எல்லாருக்கும் கல்வி என்றது, கஜானாவில் பணமில்லை. பள்ளி நேரத்தை மூன்று மணியாக்கி, பிள்ளைகளை இரண்டு தொகுதிகளாகப் பிரித்தால் அதே வாத்தியார்களைக் கொண்டு இரட்டிப்புப் பேருக்குக் கற்பிக்கலாம். மிச்சப் பொழுதில் பிள்ளை தகப்பனோடு தொழில் பழகட்டும் என்றார் ராஜாஜி. மேலோட்டமாகப் பார்த்தால், நெசவாளர் வீட்டுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது. பையன் பாதி நாள் தறிக்கு, பாதி நாள் பள்ளிக்கு!

ஆனாலும் நாடு கொதித்தது. பெரியார் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1953 ஜூலையில் சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் 138-க்கு 138 என்று சமமாக நின்று தோற்றது. திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானம் 139-க்கு 137 என்று வென்றது. பருலேகர் குழு திட்டத்துக்குச் சாதகமாகவே அறிக்கை தந்தும் பயனில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

ஏன் இந்தக் கொதிப்பு? அரசியலை ஒதுக்கிவிட்டு அந்தத் தகப்பனின் மனத்தை நினைத்துப் பார்க்கிறேன். மகனைத் தறியில் உட்கார வைத்தது அவன்தான். ஆனால் வேறு வழியில்லாமல் வைத்தான். 'உன் மகனுக்கு அதுதான் இடம்' என்று அதையே சர்க்கார் சொன்னபோது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. வறுமை ஒரு நாள் தீரும் என்று அவன் நம்பியிருந்தான். சட்டமாக எழுதிவிட்டால் அது எப்போது தீரும்?

காமராஜர் வேறு விதமாகத் தராசைத் திருத்தினார். 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் வெறும் சோறு அல்ல. பிள்ளையின் உழைப்பு ஒரு தட்டில் இருந்தால், மறுதட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்த காரியம் அது. பள்ளியும் ஊருக்குள்ளேயே வந்து சேர்ந்தபோது பெற்றோரின் கணக்கு தானாக மாறியது.

கதை அத்துடன் முடியவில்லை. பிற்காலத்தில் சின்னத் தனியார் பள்ளிகள் மீண்டும் முளைத்தன. திண்ணைக்குப் பதில் மாடி, ஆத்திசூடிக்குப் பதில் இங்கிலீஷ். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்திருந்தன. அதற்குப் பிறகு, எந்தச் சிறு பள்ளியையும் மூடவே கூடாது என்று சொல்ல யாருக்கும் நா எழாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்தக் கூடாதென்றது. தனியார் பள்ளிகளில் நாலில் ஓர் இடத்தை ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. மகனுக்கு நெசவு வேண்டாம் என்று சொல்லும் நெசவாளரை இன்று ஆரணியில் தேடி அலைய வேண்டியதில்லை. தார்க்குச்சியை நீட்டிய கை, இப்போது பள்ளிச் சம்பளத்துக்காக நகையை அடகுக் கடையில் நீட்டுகிறது.

ஆனாலும் ஒரு சிறு பள்ளி மூடப்படும்போது வீட்டில் நடக்கிற பேச்சு அதேதான். எவ்வளவு தூரம், யார் கொண்டு விடுவது, சம்பளத்துக்கு எங்கே போவது, சின்னவளை என்ன செய்வது. பள்ளியை மூட உத்தரவு எழுதுகிறவர்களுக்கு எத்தனையோ நியாயங்கள் இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன், அந்தச் சின்னவள் நாளைக் காலையில் எங்கே போவாள் என்ற ஒரு கேள்விக்குப் பதிலையும் அதே காகிதத்தில் எழுதிவிட்டால் போதும். இருநூறு ஆண்டுகளாக நம் பெற்றோர்கள் கேட்டு வருவது அதைத்தான்.