மருத்துவர் ஊதியம்: திருமுக்கூடல் கல்வெட்டு முதல் கதிர்ப்படம் வரை

மருத்துவப் பட்டம் பெற்ற பிள்ளை மேற்படிப்புக்கு எத்துறையைத் தேர்வது என்பது இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் கூடிப் பேசப்படும் பொருளாகிவிட்டது. முந்திய தலைமுறையில் வீட்டில் ஒருவர் டாக்டராவதே பெரும்பேறாகக் கருதப்பட்டது. இன்றோ குழந்தை மருத்துவமா, அறுவை மருத்துவமா, அல்லது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியலா என்று அத்தாவும் மாமுவும் அமர்ந்து கணக்குப் பார்க்கின்றனர். கதிரியலில் இரவுப்பணி குறைவு, வருவாய் மிகுதி என்பதே பெரும்பாலும் கணக்கின் முடிவாக வருகிறது. முதுகலை நீட் தேர்வில் முன்னணித் தரம் பெற்றோர் கதிரியல் இடங்களை முதலில் எடுத்துக்கொள்வதும் சில ஆண்டுகளாக நாடெங்கும் காணப்படும் நிலையே ஆகும்.

ஒரு துறைக்கு ஊதியம் மிகுவதும் மற்றொன்றுக்குக் குறைவதும் எதனால்? உழைப்பின் அளவாலா, அறிவின் அருமையாலா, வேறு காரணத்தாலா? இக்கேள்வி புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றை இங்கே ஆராய்வோம்.

கல்லில் பொறித்த சம்பளப் பட்டியல்

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கலக்குமிடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுண்டு. கி.பி. 1068ஐ ஒட்டிய அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடந்த வேதக் கல்லூரியையும், ‘வீரசோழன்’ என்னும் பெயர் கொண்ட ஆதுலர்சாலையையும் பற்றிக் கூறுகிறது. அம்மருத்துவசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. இரவு முழுதும் எரியும் விளக்குக்கும், நோயாளர் உணவுக்கும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கும் தனித்தனியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

நமக்கு வேண்டுவது அதிலுள்ள ஊதியப் பட்டியல். நோயாளரையும், பணியாளரையும், கல்லூரியின் ஆசிரியர் மாணவரையும் பார்த்து மருந்து சொல்லும் மருத்துவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அவற்றோடு நிலமும் அளிக்கப்பட்டன. சல்லியக் கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்ச உதவும் இருவருக்கு ஆளுக்கு 30 கலமும் 1 காசும். நோயாளரைப் பேணி மருந்து ஊட்டும் பெண்டிர் இருவருக்கு ஆளுக்கு 15 கலமும் அரைக் காசும். நாவிதருக்கு 15 கலம்.

இதைப் படிக்கும் இக்காலத்தவர் வியப்படையாமல் இருக்க முடியாது. அறுவை மருத்துவருக்கு, மருந்து சொல்பவர் பெற்ற நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மூலிகை கொணர்ந்தவரும் அவருக்கு இணையான நெல்லைப் பெற்றார். மேலும் ஒரு காசையும் பெற்றார்! கையால் அறுப்பதும் கட்டுவதும் தொழிலாளர் வேலையாகவும், நூல் கற்று நோயறிவதே மருத்துவமாகவும் எண்ணப்பட்ட காலம் அது. நம் ஊர்களில் அண்மைக்காலம் வரை சிறுவருக்குச் சுன்னத் செய்தவரும் கட்டியைக் கீறி மருந்திட்டவரும் நாவிதரே என்பதையும், அறுவடைக் காலத்து நெல்லே அவருக்குரிய கூலியாக இருந்ததையும் முதியோர் அறிவர். இன்று அறுவை நிபுணரின் நிலை எங்கே, அன்றைய 30 கலம் எங்கே! உடலை அறுக்கும் வேலையின் கடுமை மாறிவிடவில்லை. அதைப் பற்றிய மதிப்பே மாறிற்று.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. நோயாளியின் அருகில் நெடுநேரம் இருந்த அப்பெண்டிர் இருவரே குறைந்த ஊதியம் பெற்றோர் வரிசையில் நிற்கின்றனர். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் இந்த ஒன்று மட்டும் பெரிதாக மாறவில்லை.

அரபு நாடுகளில்

ஊதியத்தையும் சுமையையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதற்கு ஹதீஸ் நூல்களில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அபூ தைபா என்பவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்தார். அவருக்கு உணவுப்பொருளைக் கூலியாகக் கொடுக்கச் செய்ததோடு, அவர் தம் எசமானர்களுக்கு நாள்தோறும் செலுத்த வேண்டியிருந்த வரியைக் குறைக்கவும் அண்ணலார் சொன்னார்கள். கூலி ஒரு பக்கம், சுமைக்குறைப்பு மறுபக்கம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

ஹிஜ்ரி 372இல், அதாவது கி.பி. 982இல், பக்தாதில் அளுதுத் தவ்லா நிறுவிய பீமாரிஸ்தானில் 24 மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர். பொது மருத்துவராகிய தபீப், கண் மருத்துவராகிய கஹ்ஹால், அறுவை செய்யும் ஜர்ராஹ், எலும்பு கட்டும் முஜப்பிர் என அவர்கள் துறைவாரியாகப் பிரிந்திருந்தனர். அங்குப் பணியாற்றிய ஜிப்ரீல் இப்னு உபைதுல்லாஹ் என்னும் மருத்துவருக்கு மாதம் 300 திர்ஹம் ஊதியம். வாரத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் பணி. பணி நேரத்தை இன்னதென்று வரையறுத்து ஊதியம் பேசியது அக்காலத்து நிர்வாகத்தின் சிறப்பாகும்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சந்தைக் கண்காணிப்பாளருக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஷைஸரி, ஒவ்வொரு துறையாரும் எந்நூலில் தேறியிருக்க வேண்டும் என்றும் வகுத்தார். கண் மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண்ணைப் பற்றிய பத்துக் கட்டுரைகளை அறிந்திருக்க வேண்டும்; எலும்பு கட்டுபவர் மனித உடலில் 248 எலும்புகளின் வடிவையும் அளவையும் அறிந்திருக்க வேண்டும். துறைக்குத் துறை தேர்வு உண்டு. தேர்வின்றித் தொழில் இல்லை.

ஆயினும் ஊதியப் போட்டி அங்கும் இருந்தது. திமிஷ்கின் புகழ்மிக்க மருத்துவர் தக்வார் கண் மருத்துவராகத் தொடங்கி மருத்துவர் தலைவராக உயர்ந்தவர். அரசர் அல்ஆதிலின் பணிக்கு அவரை அழைத்தபோது மாதம் 30 தீனார் தருவதாகக் கூறினர். அப்பணியிலிருந்த மற்றொரு மருத்துவருக்கு 100 தீனார் என்பதைச் சுட்டிக்காட்டி, தம் தகுதியைத் தாமறிவதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். பின்னர் அந்த மருத்துவர் மறைந்தபின் அதே ஊதியத்தில் அமர்த்தப்பட்டார். இவ்வரலாற்றை அவருடைய மாணவரும் மருத்துவருமான இப்னு அபீ உஸைபிஆ எழுதி வைத்துள்ளார். ஊதியத்துக்காக இவ்வளவு உறுதியாக நின்ற அதே தக்வார்தாம், தம் வீட்டையே மருத்துவக் கல்விக்கூடமாக வக்ஃபு செய்தார். உரியதைக் கேட்டுப் பெறுவதும் பெற்றதை அறமாக்குவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

காரூராவும் கதிர்ப்படமும்

அக்காலத்தில் நோயாளியை நேரில் காணாமலே நோயறியும் கலையும் இருந்தது. நோயாளியின் சிறுநீரைக் காரூரா என்னும் கண்ணாடிக் குடுவையில் உறவினர் கொண்டுவருவர். நிறம், தெளிவு, வண்டல் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் கூறுவார். நம் சித்த மருத்துவத்தின் நீர்க்குறி, நெய்க்குறியும் அவ்வகையினவே. ஆனால் குடுவை பார்ப்பதற்கென்று தனித்துறை ஏற்படவில்லை. அது பொது மருத்துவரின் பணியில் அடங்கியிருந்தது.

1895 நவம்பரில் ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டபின் நிலை மாறியது. அவர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. 1901இல் பெற்ற நோபல் பரிசுப் பணத்தையும் தம் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். அக்கதிரோடு முதலில் பழகியவர்களோ பெருவிலை கொடுத்தனர். கை புண்ணாகி, விரல் இழந்து, புற்றுநோயால் மாண்டவர் பலர். 1936இல் ஹாம்பர்க் நகரில் அவர்கள் நினைவாக எழுப்பிய தூணில் முதலிலேயே 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. இன்று சுகமான துறையென்று பேசப்படும் கதிரியல் உயிர்த்தியாகத்தில் தொடங்கிய துறை என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. மதுரையில் 1940இல் எர்ஸ்கின் மருத்துவமனையும் 1954இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. கோச்சடையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் நம் மக்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்று சொல்லிச் செல்வது இன்று இராஜாஜியின் பெயர் தாங்கிய அம்மருத்துவமனைக்குத்தான்.

படத்துக்கு இவ்வளவு

அரசுப் பணியில் கதிரியல் நிபுணருக்கும் குழந்தை மருத்துவருக்கும் ஒரே பதவியில் ஒரே ஊதிய விகிதம்தான். 2019 அக்டோபரில் தமிழக அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், கோரிக்கை பணியாண்டுக்கேற்ற ஊதிய உயர்வைப் பற்றியதாக இருந்தது. துறைக்குத் துறை வேறுபாட்டைப் பற்றியதன்று. வேறுபாடு பிறப்பது தனியார் துறையில்.

அங்கே கணக்கு வேறு. கதிரியல் நிபுணரின் வேலையைப் படம் படமாக எண்ணலாம். இத்தனை ஸ்கேன், இத்தனை தொகை என்று கூட்டலாம். குழந்தை மருத்துவரோ, காய்ச்சலில் துவளும் பிள்ளையின் அருகே ஒரு மணி நேரம் அமர்ந்து, அழும் தாய்க்கு ஆறுதல் கூறினாலும், ஒரு முறை பார்த்ததற்கான கட்டணமே உண்டு. எண்ணக்கூடிய வேலைக்கு விலை ஏறுகிறது. எண்ண முடியாத வேலைக்கு விலை நின்றுவிடுகிறது. கருவியின் பெருவிலையை ஈட்டவேண்டிய மருத்துவமனையும் படங்கள் பெருகுவதையே விரும்புகிறது.

இதனால் கதிரியலாரின் உழைப்பு இலேசானது என்று கொள்ளலாகாது. 1971இல் சி.டி. ஸ்கேன் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. மார்புக்கு ஒரு படம் பார்த்த காலம் போய், ஒரு நோயாளிக்கே நூற்றுக்கணக்கான துண்டுப்படங்களைப் பார்க்க வேண்டியதாயிற்று. இருளறையில் அமர்ந்து, ஒரு சிறு நிழலைத் தவறவிட்டால் ஓர் உயிர் போகும் என்ற அச்சத்தோடு செய்யும் வேலை அது. நோயாளி அவர் முகத்தை அறியார். நன்றியும் அவரை வந்தடைவதில்லை.

ஆகவே, திருமுக்கூடலில் அறுவை மருத்துவருக்கு 30 கலம் என்று வகுத்ததும் இன்று படத்துக்கு இவ்வளவு என்று வகுப்பதும் உழைப்பை நிறுத்துப் பார்த்துச் செய்தவையல்ல. யார் கொடுக்கிறார், எதை எண்ணிக் கொடுக்கிறார் என்பதே ஊதியத்தை முடிவு செய்கிறது. இவ்வுண்மையை உணர்ந்தால், வருவாய் மிகுந்த துறை உயர்ந்தது, குறைந்த துறை தாழ்ந்தது என்ற மயக்கம் நம்மை விட்டு நீங்கும்.

பிள்ளை கதிரியலை விரும்பினால் தாராளமாகப் படிக்கட்டும். குழந்தை மருத்துவத்தையோ, அவசரச் சிகிச்சையையோ, மயக்க மருந்துத் துறையையோ விரும்பும் பிள்ளையை வருவாய்க் கணக்குக் காட்டித் தடுக்காதிருப்போம். நள்ளிரவில் நம் பேரக்குழந்தைக்கு வலிப்பு வந்தால் கதவைத் தட்ட வேண்டியது அவர்களுடைய வீட்டைத்தான். நம் ஜமாஅத்துகளுக்கும் செல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஸ்கேன் கருவி வாங்கித் தருவது நல்ல அறம், அதனோடு, இரவில் விழித்திருக்கும் ஒரு மருத்துவருக்கும் ஒரு செவிலிக்கும் மாதந்தோறும் நிலையான ஊதியம் கிடைக்க ஒரு வக்ஃபு ஏற்படுத்துங்கள். பக்தாதிலும் திமிஷ்கிலும் நம் முன்னோர் கருவிக்கு முன் ஆளைத்தான் அமர்த்தினர். சந்தை எண்ண மறந்த உழைப்பை எண்ணிக் கொடுப்பதே அறக்கொடையின் வேலை.