பாப்டிஸ்ட் சபைகள்: அரசும் பொது ஒழுக்கமும்

பாப்டிஸ்ட் சபைகள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரிடையே தோன்றிய புராட்டஸ்டன்ட் சபைகள். இவை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுபவருக்கே, பெரும்பாலும் முழுக்கு முறையில், கொடுக்கின்றன. அரசைப் பற்றிய இவர்களுடைய எண்ணமும் இந்தக் கொள்கையில்தான் பிறந்தது. அன்றைய ஐரோப்பாவில் ஊர்க்கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை அரசனுக்குக் குடியாகவும் அவன் சபைக்கு உறுப்பாகவும் ஒருசேர ஆயிற்று. அதை மறுத்தவர்கள், விசுவாசம் பிறப்பாலும் வராது, ஆணையாலும் வராது என்று சொன்னவர்கள் ஆனார்கள்.

பாப்டிஸ்ட் சபை ஒவ்வொன்றும் தன்னைத் தானே ஆள்கிறது. பேராயர் இல்லை, மாநாடுகளின் தீர்மானங்கள் எந்தச் சபையையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே எல்லாப் பாப்டிஸ்டுகளின் கருத்து இது என்று எதையும் சொல்லிவிட முடியாது. அடிமைமுறை, பள்ளி ஜெபம், கருக்கலைப்பு ஆகியவற்றில் எதிரெதிர்ப் பக்கங்களில் பாப்டிஸ்டுகளே நின்றனர். மனசாட்சியின் சுதந்திரம் என்ற ஒரே கொள்கை சிலரைப் போராட வைத்தது. வேறு சிலருக்கு மௌனம் காக்கக் காரணமாயிற்று.

தொடக்கம்

இங்கிலாந்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பிச் சென்ற ஜான் ஸ்மித் 1609இல் முதலில் தனக்கும் பின்பு தன் கூட்டத்தாருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அவரிடமிருந்து பிரிந்த தாமஸ் ஹெல்விஸ் தாய்நாடு திரும்பி, லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சபை ஒன்றை நிறுவினார். 1612இல் அவர் வெளியிட்ட நூல், மதபேதகரோ துருக்கியரோ யூதரோ, யாரையும் அவரவர் மதத்துக்காகத் தண்டிக்க மன்னருக்கு உரிமை இல்லை என்று வாதிட்டது. அந்நூலின் பிரதி ஒன்றில், மன்னரும் சாகப் பிறந்த மனிதரே என்ற கருத்துப்படத் தம் கையால் எழுதி முதலாம் ஜேம்ஸுக்கு அனுப்பினார். ஹெல்விஸ் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டு, 1616ஐ ஒட்டி இறந்தார். கையெழுத்திட்ட பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். அங்கே 1638–39இல் ஒரு பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கி, சில மாதங்களிலேயே அதிலிருந்தும் விலகினார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபை இதுவா, ஜான் கிளார்க்கின் நியூபோர்ட் சபையா என்பதில் இரண்டு ஊராரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1651இல் பாஸ்டனில் ஒபதையா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்டுக்கு 30 சவுக்கடி கொடுத்தார்கள். 1663இல் கிளார்க் பெற்றுவந்த ரோட் ஐலண்ட் சாசனம் மதச் சுதந்திரத்துக்கு வெளிப்படையாக உறுதி தந்தது.

வர்ஜீனியாவும் நியூ இங்கிலாந்தும், 1768–1802

பாப்டிஸ்ட் வரலாற்றில் ஆவணங்கள் மிகுந்துள்ள காலம் இது. வழக்கேடுகள், விண்ணப்பங்கள், சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள், போதகர்களின் தன்வரலாறுகள் எனப் பலவும் எஞ்சியுள்ளன.

வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபையே அரசுச் சபை. மற்றவர்கள் பிரசங்கிக்க உரிமம் வாங்க வேண்டும். தனிப் பாப்டிஸ்டுகள் எனப்பட்ட பிரிவினரில் பலர், தேவன் கொடுத்த அழைப்புக்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை என்று அதை வாங்க மறுத்தனர். 1768 ஜூனில் ஸ்பாட்சில்வேனியா மாவட்டத்தில் ஜான் வாலர், லூயிஸ் கிரெய்க் முதலியோர் அமைதியைக் குலைத்த குற்றத்துக்காகக் கைதாயினர். அடுத்த சில ஆண்டுகளில் மேலும் பலர் சிறை சென்றனர். எத்தனை பேர் என்பதில் தொகுப்பாளர்களின் கணக்குகள் வேறுபடுகின்றன. உள்ளே இருந்தவர்கள் சன்னல் கம்பிகளின் வழியே பிரசங்கித்தார்கள், வெளியே கூட்டம் கூடிற்று. கல்பெப்பர் சிறையில் தம் அறைக்குள் எதிரிகள் புகை போட்டதையும் வெடிமருந்து வைக்க முயன்றதையும் ஜேம்ஸ் அயர்லாந்து தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பேட்ரிக் ஹென்றி குதிரையேறி வந்து இவர்களுக்காக வழக்காடினார் என்ற கதை புகழ்பெற்றது. அதன் விவரங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே எழுத்தில் வந்தவை என்பதால் ஆய்வாளர்கள் அதைத் தயக்கத்துடனேயே எடுத்தாள்கின்றனர். 1774 ஜனவரியில் இளைஞர் ஜேம்ஸ் மேடிசன் நண்பருக்கு எழுதிய கடிதம் உறுதியான சான்று. அண்டை மாவட்டத்தில் நல்லெண்ணம் கொண்ட ஐந்தாறு பேர் தங்கள் மதக் கருத்துக்காகச் சிறையில் கிடப்பதை அவர் அதில் கசப்புடன் குறிப்பிடுகிறார்.

நியூ இங்கிலாந்தில் பிரச்சினை வரியாக வந்தது. கான்கிரகேஷனல் சபைப் போதகரின் சம்பளத்துக்கு ஊரார் அனைவரும் வரி கட்ட வேண்டும். விலக்கு வேண்டுவோர் சான்றிதழ் காட்ட வேண்டும். கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் எலிசபெத் பாக்கஸ் என்ற விதவை அந்த வரியைக் கட்ட மறுத்து 1752இல் சிறை சென்றார். அங்கிருந்து மகனுக்கு அவர் எழுதிய கடிதத்தில் புகாரைவிட மகிழ்ச்சியே மிகுதி. அந்த மகன் ஐசக் பாக்கஸ் பின்னாளில் இவ்வியக்கத்தின் தலைமை எழுத்தாளர் ஆனார். 1770இல் மாசசூசெட்ஸின் ஆஷ்ஃபீல்டில் வரி கட்டாத பாப்டிஸ்டுகளின் நிலம் சுமார் 400 ஏக்கரை ஏலம் விட்டார்கள். பழத்தோட்டமும் கல்லறைத் தோட்டமும் அதனுடன் போயின. 1774இல் பாக்கஸ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், பிரிட்டனிடம் உரிமைகள் கேட்கக் கூடியிருந்த மாசசூசெட்ஸ் பிரதிநிதிகளிடம் இந்த வரியைப் பற்றி முறையிட்டார். இங்கே மாற்றம் எதிர்பார்ப்பதும் சூரிய மண்டலம் மாறும் என்று எதிர்பார்ப்பதும் ஒன்றுதான் என்ற பொருளில் ஜான் ஆடம்ஸ் பதில் சொன்னாராம். அந்த ஏற்பாடு 1833இல் ஒழிந்தது. பாக்கஸ் 1806இலேயே காலமாகிவிட்டார்.

வர்ஜீனியாவில் மாற்றம் விரைவாக வந்தது. கிறிஸ்தவப் போதகர்கள் அனைவருக்கும் பொது வரியிலிருந்து படி கொடுக்கும் மசோதா 1784இல் வந்தபோது பாப்டிஸ்டுகள், தங்களுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்திருந்தும், அதை எதிர்த்து ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டினர். மசோதா கைவிடப்பட்டது, ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் 1786இல் நிறைவேறியது.

இக்காலத்தின் மறக்க முடியாத மனிதர் ஜான் லேலண்ட் (1754–1841). மாசசூசெட்ஸில் பிறந்து, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வர்ஜீனியாவில் பிரசங்கித்தவர். அமெரிக்க அரசியல் சாசனத்தில் உரிமைப் பட்டியல் இல்லாததை அவர் எதிர்த்ததும், 1788இல் மேடிசன் அவரை நேரில் சந்தித்து ஆதரவு பெற்றதும், கைம்மாறாக உரிமைப் பட்டியலைக் கொண்டுவர இசைந்ததும் பாப்டிஸ்ட் நூல்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. சந்திப்பு நடந்திருக்கலாம், ஓக் மரத்தடியில் செய்துகொண்ட உடன்படிக்கை என்ற வடிவம் பிற்கால மரபு.

லேலண்ட் அடிமைமுறையையும் கண்டித்தார். அது இயற்கை உரிமைகளை வன்முறையால் பறிப்பது என்ற அவருடைய தீர்மானத்தை வர்ஜீனியாவின் பாப்டிஸ்ட் பொதுக்குழு 1789–90 காலத்தில் ஏற்றது. 1793இல் அதே குழு, இது சட்டமன்றத்துக்கு உரிய விஷயம் என்று கூறி விவாதத்தைக் கைவிட்டது. சபைக்குள் அரசு நுழையாமல் தடுக்க எழுப்பிய கொள்கை, அநீதியைப் பற்றிச் சபை பேசாமலிருக்கவும் பயன்பட்டது இந்த இடத்தில்தான். பின்னர் வரும் சச்சரவுகள் பலவற்றுக்கும் இந்த முடிவு முன்மாதிரி.

மாசசூசெட்ஸின் செஷயர் ஊருக்குத் திரும்பிய லேலண்ட், ஜெஃபர்சனின் தேர்தல் வெற்றியைக் கொண்டாட ஊராரைக் கொண்டு ஒரு மாபெரும் பாலாடைக்கட்டி செய்வித்தார். 1801 கோடையில் ஊர்ப் பசுக்களின் பாலைச் சேர்த்து, ஆப்பிள் சாறு பிழியும் ஆலையில் இட்டு அழுத்தினார்கள். எதிர்க்கட்சியாரின் பசுவின் பாலில் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். எடை 1,235 பவுண்டு, அதாவது சுமார் 560 கிலோ. 1802 ஜனவரி 1 அன்று அது வாஷிங்டனில் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இலவசமாக எதையும் ஏற்காத ஜெஃபர்சன் 200 டாலர் கொடுத்தார். கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு அவர் அனுப்பிய பதிலும் அதே தேதியிட்டது. சபைக்கும் அரசுக்கும் இடையே உள்ள மதில் என்ற உருவகம் இக்கடிதத்தில்தான் வருகிறது. கடிதத்தின் வரைவில் மை பூசி மறைத்த வரிகளை 1998இல் எஃப்.பி.ஐ. ஆய்வகம் படித்துக் கொடுத்தது. அந்த மதில் எவ்வளவு உயரமானது என்ற வாதம் ஓயவில்லை. 1947இல் எவர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பில் அந்த உருவகத்தை முன்னிறுத்திய நீதிபதி ஹியூகோ பிளாக், பர்மிங்காம் பாப்டிஸ்ட் சபை ஒன்றில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

அடிமைமுறை

1822இல் தென் கரோலினாவின் ரிச்சர்ட் ஃபர்மன், அடிமைமுறைக்கு வேதாகமத்தில் ஆதாரம் உண்டு என்று ஆளுநருக்கு எழுதினார். அடிமை உடையவர்களை மிஷனெரிகளாக அனுப்புவது பற்றிய சண்டையில் 1845 மேயில் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் தென்பாப்டிஸ்ட் மாநாடு தனியே பிரிந்தது. அடிமைமுறையை ஆதரித்ததற்காக அது மன்னிப்புக் கேட்டது 1995இல்.

ஜமைக்காவில் வரலாறு வேறு. அங்கே முதலில் சபை நட்டவர் ஜார்ஜ் லைல், ஜார்ஜியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். 1831 டிசம்பர் 27 அன்று தொடங்கிய அடிமைகளின் எழுச்சிக்கு மான்டிகோ பே சபையின் உதவிக்காரர் சாம் ஷார்ப் தலைமை ஏற்றார். கூலி கொடுத்தால்தான் வேலை என்ற மறுப்பாகவே அவர் அதைத் திட்டமிட்டார் என்பர். கரும்புத் தோட்டங்கள் எரிந்தபின் அது ‘பாப்டிஸ்ட் போர்’ என்ற பெயர் பெற்றது. வெள்ளையர் 14 பேர் இறந்தனர். அடிமைகளில் தூக்கிலிடப்பட்டோர் மட்டும் 300க்கு மேல். ஷார்ப் 1832 மே 23 அன்று தூக்கில் ஏறினார். ஆலயங்களை இழந்த மிஷனெரி வில்லியம் நிப் இங்கிலாந்து சென்று ஊர் ஊராகப் பேசினார். அடிமை ஒழிப்புச் சட்டம் 1833இல் வந்தது.

இந்தியாவில்

பாப்டிஸ்ட் மிஷனெரி வில்லியம் கேரி மேற்கிந்திய அடிமைகள் விளைவித்த சர்க்கரையை மறுத்த குடும்பங்களைத் தம் 1792ஆம் ஆண்டு நூலிலேயே பாராட்டியவர். விதவைகள் உடன்கட்டை ஏறும் சதி வழக்கத்தைத் தடை செய்த 1829 டிசம்பர் 4 ஆணையை வங்காளத்தில் மொழிபெயர்க்கும் பணி செராம்பூரில் இருந்த அவரிடம் வந்தது. ஒரு மணிநேரத் தாமதமும் ஒரு விதவையின் உயிர் என்று, அன்றைய ஞாயிறு பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டு அதை முடித்தார்.

1876–78 பஞ்சத்தில், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலில், பாப்டிஸ்ட் மிஷனெரி ஜான் கிளஃப் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பட்டினி கிடந்த மாதிகா மக்களுக்குக் கூலிவேலை கொடுத்தார். நிவாரணம் நடந்தவரை ஞானஸ்நானம் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். பின்பு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் அதைப் பெற்றனர். அவர்களை இழுத்தது பஞ்சமா, விசுவாசமா, சாதியிழிவிலிருந்து மீளும் வேட்கையா என்பது இன்றும் விவாதம்.

நாகாலாந்து பாப்டிஸ்ட் சபைக் கவுன்சில் எடுத்த முயற்சியால் ஜெயப்பிரகாஷ் நாராயண், பி.பி. சாலிஹா, மைக்கேல் ஸ்காட் ஆகியோரின் சமாதானக் குழு அமைந்து, 1964 செப்டம்பரில் இந்திய அரசுக்கும் நாகா போராளிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. அங்குள்ள 1989ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் சபைகளின் வற்புறுத்தலால் வந்ததே.

இருபதாம் நூற்றாண்டு

இங்கிலாந்தில் சபைப் பள்ளிகளுக்கு உள்ளூர் வரிப்பணம் கொடுத்த 1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை எதிர்த்து ஜான் கிளிஃபர்ட் வரிகொடா இயக்கம் நடத்தினார். வரி மறுத்தவர்களின் வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன. சிலர் சிறை சென்றனர். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் போதகராக இருந்த வால்டர் ரௌஷன்புஷ் 1907இல் எழுதிய நூல் சமூக நற்செய்தி இயக்கத்துக்கு அடிப்படை ஆயிற்று. கனடாவில் பாப்டிஸ்ட் போதகர் டாமி டக்ளஸ் சஸ்காச்சுவான் முதல்வராகி (1944–61) பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வழி செய்தார். மார்ட்டின் லூதர் கிங் மான்ட்கோமரியின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையில் போதகராக இருந்தவர். அவருடைய போராட்ட முறையை ஏற்காத தலைமையோடு முரண்பட்டோர் 1961இல் கறுப்பினப் பாப்டிஸ்டுகளின் தேசிய மாநாட்டிலிருந்து பிரிந்து முற்போக்கு மாநாட்டைத் தொடங்கினர்.

தென்பாப்டிஸ்ட் மாநாடு 1971இல், தாயின் உடல்நலம், மனநலம் உள்ளிட்ட சில காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டியது. 1980இல் தாயின் உயிரைக் காப்பதற்குத் தவிர அதைத் தடைசெய்யக் கோரியது. 1982இல் பள்ளி ஜெபத்துக்கான சாசனத் திருத்தத்தையும் ஆதரித்தது. இடையே 1979இல் பழமைவாதிகள் மாநாட்டின் தலைமையைப் பிடித்தனர். அதே ஆண்டில் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற பழமைவாத அரசியல் அமைப்பைத் தொடங்கினார். மாற்றத்துக்குக் காரணம் கருக்கலைப்பா, வேதாகமத்தின் பிழையின்மை பற்றிய சண்டையா, இனப்பிரிப்புப் பள்ளிகளின் வரிச்சலுகை பறிபோனதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் பிரிந்து நிற்கின்றனர். 2000இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அம்மாநாட்டுடன் தம் உறவை முறித்துக்கொண்டார். சபைகளில் நடந்த பாலியல் கொடுமைகள் மூடி மறைக்கப்பட்டது பற்றிய விசாரணை அறிக்கை 2022இல் வெளிவந்தது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பைக் குறித்து எச்சரிக்கும் தீர்மானம் 2024இல் நிறைவேறியது.