அடைக்கல மேடு: சியோல் மியோங்டோங் பேராலயமும் வேதகலாபனை நினைவும்

தென்கொரியத் தலைநகர் சியோலின் மியோங்டோங் பேராலயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1987 ஜூனில் நின்றுகொண்டு பின்னோக்கிப் பார்க்கிறார்கள். ராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்களுக்கு இடம் தந்த கோயில், தொடக்கம் முதலே ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றதாக ஒரு சித்திரம் இதனால் உருவாகிவிட்டது. வரலாறு அவ்வளவு நேராக இல்லை. தூக்குமேடைக்குப் போகவிருந்த ஒரு கத்தோலிக்கருக்குக் குருவானவரை அனுப்ப 1910இல் மறுத்தவரும் இதே பேராலயத்தின் ஆயர்தான். அந்த மறுப்பும் பிற்கால அடைக்கலமும் வேதகலாபனை (மதத்துக்காக நேர்ந்த துன்புறுத்தல்) என்னும் ஒரே நினைவிலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த நினைவு பேராலயத்தைவிட ஒரு நூற்றாண்டு பழையது. 1784இல் யி சுங்-ஹூன் பெய்ஜிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். அவரும் நண்பர்களும் மொழிபெயர்ப்பு அலுவலரான கிம் பியோம்-வூவின் வீட்டில் கூடிச் செபித்தார்கள். மறு ஆண்டே அதிகாரிகள் அங்கே நுழைந்தனர். பிடிபட்ட உயர்குடியினர் விடுவிக்கப்பட்டார்கள். இடைநிலை வகுப்பைச் சேர்ந்த கிம் மட்டும் சித்திரவதைக்கு ஆளாகி, தொலைவூருக்குத் துரத்தப்பட்டு, அந்தக் காயங்களாலேயே மாண்டார். குருவானவர் எவரும் கொரியாவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே விழுந்த பலி இது. பிறகு 1801, 1839, 1866 என்று வேதகலாபனைகள் தொடர்ந்தன. கடைசி அலையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

கிம்மின் வீடு இருந்த பகுதிக்கு அருகிலேயே, ஜோங்யோன் மேட்டில், பிரெஞ்சு மிஷனரிகள் பேராலயத்துக்கு நிலம் வாங்கினார்கள். அரச முன்னோரின் உருவப்படங்கள் இருந்த ஆலயத்தை அந்த மேடு மேலிருந்து பார்க்கிறது என்று அரசவை எதிர்த்தது. 1886இல் பிரான்சுடன் ஏற்பட்ட ஒப்பந்தம் மிஷனரிகளின் கையை வலுப்படுத்தியது. 1892இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கட்டடத்தின் அழகு முழுக்கச் செங்கல்லில் இருக்கிறது. கொரியாவில் அப்போது இத்தகைய வேலை தெரிந்த கொத்தனார்கள் இல்லாததால் சீனாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிவப்பும் சாம்பலுமாக, ஏறத்தாழ 20 வடிவங்களில் செங்கற்கள் சுடப்பட்டன. ஐரோப்பாவில் கல்லைச் செதுக்கிச் செய்யும் கோதிக் வளைவுகளையும் விளிம்புகளையும் இங்கே அச்சு வேறுபாடும் நிற வேறுபாடும் காட்டிவிடுகின்றன. 1894இல் சீன-ஜப்பானியப் போர் மூண்டதும் வேலை தடைப்பட்டது. வரைபடம் தந்த அருட்தந்தை கோஸ்த் 1896இல் காலமானார். அருட்தந்தை புவானெல் பொறுப்பேற்று முடித்தார். 45 மீட்டர் கோபுரத்துடன் எழுந்த ஆலயத்தை 1898 மே 29 அன்று ஆயர் குஸ்தாவ் முத்தேல் அர்ச்சித்தார். நிலவறையில் வேதசாட்சிகளின் எலும்புகள் வைக்கப்பட்டன.

அதே முத்தேல்தான் 1910இல் மறுத்தவர். முந்தைய அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜுங்-குன், தோமா என்ற ஞானப்பெயர் கொண்ட கத்தோலிக்கர். இறப்பதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு குருவானவரைக் கேட்டார். ஆயரின் தடையை மீறி, அவர் அடைபட்டிருந்த லூஷுன் சிறைக்குப் போன அருட்தந்தை வில்ஹெல்முக்குத் தண்டனை கிடைத்தது. ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலை கோரிய 1919 பிரகடனத்தில் ஒப்பமிட்ட 33 பேரில் கத்தோலிக்கர் ஒருவர்கூட இல்லை. இதை ஏகாதிபத்தியப் பற்று என்று மட்டும் ஒதுக்கிவிடுவது அவசரம். நூறாண்டு வேட்டையாடப்பட்ட சபை, கடைசியில் கிடைத்த பாதுகாப்பை இழக்க அஞ்சியது. அரசைப் பகைத்தால் மறுபடியும் ரத்தம் என்பதே நிலவறை எலும்புகள் முத்தேலுக்குச் சொன்ன செய்தி.

அதே எலும்புகளுக்கு வேறு பொருள் பிறக்க, அதிகாரம் கொரியர் கைக்கு வர வேண்டியிருந்தது. 1942இல் ரோ கி-நாம் முதல் கொரிய ஆயரானார். 1968இல் பேராயரான கிம் சூ-ஹ்வான் மறு ஆண்டே கர்தினால் ஆனார். 1974இல் வொன்ஜு ஆயர் சி ஹாக்-சூன் கைதானபோது குருக்கள் நீதிக்கான சங்கம் அமைத்தார்கள். 1976 மார்ச் 1 அன்று, குடியரசுத் தலைவர் பார்க் சுங்-ஹீயின் ஆட்சியை எதிர்த்த அறிக்கை இந்தப் பேராலயத்திலேயே வாசிக்கப்பட்டது. அதற்காகச் சிறை சென்றவர்களில் பிற்காலக் குடியரசுத் தலைவர் கிம் தே-ஜுங்கும் ஒருவர்.

1987 ஜனவரியில் மாணவர் பார்க் ஜோங்-சுல் போலீஸ் விசாரணையில் இறந்தார். உண்மைக் குற்றவாளிகள் மறைக்கப்பட்டிருப்பதை மே 18 திருப்பலியில் அருட்தந்தை கிம் சுங்-ஹூன் இங்கே வெளியிட்டார். ஜூன் 10 இரவு, துரத்தப்பட்ட போராட்டக்காரர்கள் மேடேறி வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பெண்கள் பள்ளி மாணவிகள் தங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார்கள். போலீஸ் உள்ளே வந்தால் முதலில் தன்னையும், அடுத்துக் குருக்களையும், பிறகு கன்னியரையும் தாண்டித்தான் மாணவர்களைத் தொட முடியும் என்று கர்தினால் சொல்லிவிட்டார். 15ஆம் தேதி அவர்கள் பத்திரமாக வெளியேறினார்கள். அந்த மாதம் 29ஆம் தேதி, குடியரசுத் தலைவருக்கு நேரடித் தேர்தல் நடத்த ஆளுங்கட்சி இணங்கியது.

கர்தினால் கிம் 1993இல் ஆன் ஜுங்-குன்னுக்காகத் திருப்பலி நிறைவேற்றி, சபையின் பழைய நிலைக்காக மன்னிப்பும் கேட்டார். 1995 ஜனவரியில் அடைக்கலம் தேடி அந்த மேட்டுக்கு வந்தவர்கள் கொரியர்களோ கத்தோலிக்கர்களோ அல்லர். பயிற்சியாளர் என்ற பெயரில் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட நேபாளத் தொழிலாளர்கள். கடவுச்சீட்டுப் பறிப்பையும் கூலி மறுப்பையும் அடியையும் எதிர்த்து, உடலில் சங்கிலி பூட்டிக்கொண்டு பேராலய வளாகத்தில் அமர்ந்தார்கள்.