கூடங்குளமா, காற்றாலையா? இடையில் மறந்துபோன கடம்பாறை

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்க்கலாம். அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் தரும் இரண்டு வழிகளும் தமிழகத்தின் தென்கோடியில் அருகருகே நிற்கின்றன. இரண்டில் எது நல்லது என்ற சண்டை பல வருடமாக நடக்கிறது. ஆனால் இரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், சண்டையில் யாரும் அதிகம் பேசாத மூன்றாவது ஒன்று தெரியவரும். அது ஆனைமலையில் இருக்கிறது.

அணு வந்த கதை

தமிழகத்தில் அணு மின்சாரம் 1983-இல் கல்பாக்கத்தில் தொடங்கியது. 1988-இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 1991-இல் சோவியத் நாடே இல்லாமல் போனது! திட்டம் கிடப்பில் கிடந்தது. 2002-இல்தான் கட்டுமானம் ஆரம்பித்தது.

2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. 2004 சுனாமியைக் கண்ணால் கண்ட கடற்கரை மக்களுக்கு அது தூரத்துச் செய்தியாகத் தெரியவில்லை. இடிந்தகரையில் மீனவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2012 செப்டம்பரில் போலீஸ் நடவடிக்கையும், மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிரிழப்பும் நடந்தன. முதல் உலை 2013-இல் மின்சாரம் தந்தது. ஒப்பந்தம் போட்டு 25 வருடம் கழித்து!

காற்று வந்த கதை

தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் அரசு சோதனைக்காகச் சில காற்றாலைகளை நிறுத்தியது. பிறகு வரிச்சலுகை கிடைத்ததால் நூற்பாலை முதலாளிகள் இதில் பணம் போட்டார்கள். கணவாய்களின் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று மீதி வேலையைச் செய்தது. இன்று தமிழகக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட்.

அப்படியானால் காற்றே போதுமே என்று தோன்றும். ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக வீசும். அதுவும் நம் தேவையைக் கேட்டு வீசாது. சீசனில் நடு இரவில் மின்சாரம் மிஞ்சிப்போய், காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்கள் உண்டு. சீசன் முடிந்ததும் பற்றாக்குறை. 2012-இல் சென்னைக்கு வெளியே மக்கள் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது ஆள்

ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடைப்பட்ட மலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. 1987 முதல் 1989 வரை, தலா 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள் அங்கே ஓடத் தொடங்கின. வேலை எளிமையானது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள மேல் ஆழியாறு அணையின் தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றுவது. தேவைப்படும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. 100 யூனிட் செலவழித்தால் 75, 80 யூனிட் திரும்பக் கிடைக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இப்படிப்பட்ட நிலையங்கள் உலகெங்கும் காற்றாலைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அனல் மின், அணுமின் நிலையங்களை இரவில் சட்டென்று குறைக்க முடியாது. அந்த மிச்சத்தைச் சேமிக்கத்தான் இவை அதிகம் கட்டப்பட்டன. அமெரிக்காவில் 1973-இல் லடிங்டன், பிரிட்டனில் 1984-இல் டினார்விக் எல்லாம் அந்தக் காலத்தவை. அதாவது "சேமிப்பு வேண்டும்" என்பது காற்றுக்கும் வெயிலுக்கும் மட்டும் உள்ள குறை அல்ல. அணுவும் அதைக் கேட்டது. கூடங்குளத்தில் ஓர் உலை நின்றால் ஒரே நொடியில் 1,000 மெகாவாட் போய்விடும். எரிபொருள் மாற்ற வாரக்கணக்கில் நிறுத்தவும் வேண்டும். அதற்கும் யாராவது கைகொடுக்க வேண்டும்.

கடம்பாறை எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல முடியாது. 10,000 மெகாவாட் காற்றுக்கு முன் 400 மெகாவாட் சிறியது. ஜூலைக் காற்றை ஜனவரிக்குச் சேர்த்து வைக்க அதனால் முடியாது. சில மணி நேரம்தான் தாங்கும். பேட்டரியும் அப்படியே. பல மாத இடைவெளிக்கு வெயிலோ, அணுவோ, வெளிமாநில மின்சாரமோ வேண்டும். புதிய அணைக்குக் காடும் மலையும் விலையாகும்.

ஆனாலும் 1989-க்குப் பிறகு முப்பது வருடங்களில் தமிழகத்தில் இன்னொரு நீரேற்று நிலையம் கட்டி முடிக்கப்படவில்லை. நீலகிரியின் குந்தா திட்டம் தள்ளிக்கொண்டே போனது. அதே முப்பது வருடங்களில்தான் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன, கூடங்குளமும் எழுந்தது. மின்சாரம் உண்டாக்கப் போட்டி போட்டோம், சேர்த்து வைக்க மறந்தோம்.

2012-இல் ஒரு பக்கம் இடிந்தகரை மக்களின் பயம், மறுபக்கம் இருட்டில் தவித்த ஊர்களின் கோபம். இரண்டும் நியாயமானவை. "அணு வேண்டுமா, இருட்டு வேண்டுமா?" என்று மட்டும் கேட்டு, இரண்டு பக்கத்து மக்களையும் எதிரெதிரே நிறுத்திவிட்டோம். மிஞ்சிய காற்றை எங்கே சேர்த்து வைப்பது என்று 1990-களிலேயே கேட்டிருந்தால், அந்தச் சண்டையின் சூடாவது குறைந்திருக்கும்.