திப்புவின் புலியும் மேசையைச் சுரண்டும் விரலும்

2008-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹாரிசனும் ஸ்காட் ஹட்சனும் ஒரு வேலை செய்தார்கள். ஸ்டெதஸ்கோப்போடு சேர்த்த மைக்கை மேசையிலோ சுவரிலோ ஒட்டிவிட்டு நகத்தால் சுரண்டினால், அந்த ஓசையைக் கேட்டே கருவி இயங்கும்!

கை பட்டதும் மரம் பேசுவது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பழைய கதை. திப்பு சுல்தானிடம் வெள்ளைக்காரன் மேல் பாய்ந்து கடிக்கும் மரப்புலி ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்திகள் ஊதும். புலி உறுமும், அவன் அலறிக் கையைத் தூக்குவான். புலியின் விலாவில் உள்ள மூடியைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட ஆர்கன்.

1799 மே 4-ல் கோட்டை விழுந்தது. புலி லண்டன் போனது. 1808 முதல் கம்பெனியின் மியூசியத்துக்கு வந்தவரெல்லாம் அதைச் சுற்றினார்கள். சத்தம் தாங்காமல் அங்கே நூலகத்தில் படித்தவர்கள் புலம்பினார்கள். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

திப்புவின் அரண்மனையில் அந்த உறுமல் வெற்றிக் கனவு. லண்டனில் அதே உறுமல், தோற்றவனைப் பார்த்துச் சிரிக்க ஒரு பொம்மை. கருவிக்கு ஓசைதான் தெரியும். யார் கை என்று தெரியாது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நாம்தான்.