தேடுசொல் தேர்வு (வணிக இணையதளங்கள்)

தேடுசொல் தேர்வு என்பது ஒரு நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ நாடுபவர்கள் கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளில் எந்தச் சொற்களை உள்ளிடுகிறார்கள் என்று கண்டறிந்து, அவற்றுள் தன் இணையதளத்துக்குப் பொருந்துபவற்றைத் தெரிவுசெய்யும் பணியாகும். தேடுசொல் ஒற்றைச் சொல்லாகவோ, சொற்றொடராகவோ, முழுக் கேள்வியாகவோ இருக்கலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் முடிவுகளில் முன்னிலை பெற முயலும் எஸ்.இ.ஓ. பணிக்கும், ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் கட்டும் தேடல் விளம்பரத்துக்கும் இதுவே அடித்தளம்.

விளம்பரத்துக்குப் பெருந்தொகை ஒதுக்க முடியாத சிறு நிறுவனங்களுக்கு இத்தேர்வு மிகவும் இன்றியமையாதது. தேடுபவர் தன் தேவையைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறார். அவர் சொல்லும் சொல்லிலேயே பதில் வைத்திருக்கும் தளத்துக்கு வாடிக்கையாளர் கிடைக்கிறார். விற்பவரின் சொல்லைவிட வாங்குபவரின் சொல்லுக்கு முதலிடம் தருவதே இத்துறையின் அடிப்படை விதி.

வரலாறு

தேடலில் எல்லாச் சொற்களும் ஒரே எடை கொண்டவை அல்ல என்ற கருத்து இணையத்துக்கு முந்தையது. பல ஆவணங்களில் காணப்படும் சொல்லைவிட, சிலவற்றில் மட்டுமே வரும் சொல் ஓர் ஆவணத்தைத் துல்லியமாக இனங்காட்டும் என்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்தார்.

1995இல் வந்த அல்டாவிஸ்டா போன்ற தொடக்ககாலத் தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள எழுத்தையே பெரிதும் நம்பின. இதனால் தளத்தினர் தொடர்பற்ற சொற்களையும் பக்கத்தில் திணித்தனர். 1998இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம், தேடுசொற்களை ஏலத்தில் விட்டது. சொல்லுக்குச் சந்தை விலை பிறந்தது அப்போதுதான். அந்நிறுவனம் 2001இல் ஓவர்சூர் எனப் பெயர் மாறி, 2003இல் யாகூ வசமானது. கூகுள் தன் ஆட்வேர்ட்ஸ் சேவையை 2000இல் தொடங்கியது. 2018இல் அது கூகுள் ஆட்ஸ் ஆனது.

பக்கத்தின் மறைகுறிப்பில் எழுதப்படும் மெட்டா கீவேர்ட்ஸ் பட்டியலைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்வதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. ஹம்மிங்பேர்ட் (2013), ராங்க்பிரெய்ன் (2015), பெர்ட் (2019) ஆகிய தேடல்முறை மாற்றங்களுக்குப் பின் கூகுள் தனிச்சொல்லைவிடத் தொடரின் பொருளை அதிகம் கவனிக்கிறது. எனவே ஒரே பொருள் தரும் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப்பக்கம் எழுதும் பழைய வழக்கம் இன்று பயனற்றது.

தேடுபவரின் நோக்கம்

ஆய்வாளர் ஆண்ட்ரே பிராடர் 2002இல் இணையத் தேடல்களை மூவகையாகப் பிரித்தார்: குறிப்பிட்ட தளத்துக்குச் செல்லும் தேடல், தகவல் தேடல், ஒரு செயலை முடிப்பதற்கான தேடல். வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்கும் தேடலையும் நான்காவது வகையாகச் சேர்ப்பது இன்றைய வழக்கம்.

புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘கிரைண்டர்’ என்று மட்டும் தேடுபவரின் தேவை தெளிவாகத் தெரியாது. உலோகம் தேய்க்கும் கருவிக்கும் அதே பெயர்தான். ‘கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி’ என்பவர் தகவல் கேட்கிறார். ‘டேபிள் டாப், டில்டிங் எது நல்லது’ என்பவர் வாங்கத் தயாராகிறார். ‘ஓட்டலுக்கு 10 லிட்டர் கிரைண்டர் விலை’ என்பவர் வாங்கவே வந்துவிட்டார். பெல்ட் பற்றிய கேள்விக்கு விளக்கக் கட்டுரையும், எது நல்லது என்ற கேள்விக்கு ஒப்பீட்டுப் பக்கமும், விலைத் தேடலுக்கு விலையும் தொலைபேசி எண்ணும் கொண்ட விற்பனைப் பக்கமும் தேவை.

மதிப்பிடும் அளவைகள்

தேடல் எண்ணிக்கை: ஒரு சொல்லை மாதந்தோறும் எத்தனை முறை தேடுகிறார்கள் என்ற மதிப்பீடு. கூகுள் கீவேர்ட் பிளானர் இதைத் தருகிறது. கூகுள் டிரெண்ட்ஸ் தருவது எண்ணிக்கை அல்ல. 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி போன்ற பருவத் தேவைகளின் ஏற்ற இறக்கத்தை அறிய அது ஏற்றது.

போட்டி: கீவேர்ட் பிளானர் காட்டும் ‘போட்டி’ விளம்பரதாரர்களுக்கு இடையிலானது. கட்டணமற்ற முடிவுகளில் உள்ள போட்டியை அறிய, அச்சொல்லைத் தேடி முதல் பக்கத்தில் நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பெரும் விற்பனைத் தளங்களே நிறைந்திருந்தால் புதிய தளம் அங்கு நுழைவது கடினம்.

பொருத்தம்: தேடுபவர் கேட்பதை நிறுவனம் உண்மையிலேயே தருகிறதா என்பது. மற்ற இரண்டும் சாதகமாக இருந்தாலும் பொருத்தம் இல்லாத சொல்லைக் கைவிடுவதே நேர்மையும் இலாபமும் ஆகும்.

குறைவாகத் தேடப்படும் நீண்ட தொடர்கள் ‘நீள்வால்’ தேடுசொற்கள் எனப்படுகின்றன. 2004இல் வயர்ட் இதழில் கிறிஸ் ஆண்டர்சன் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவலானது. ஒவ்வொன்றும் சிலரையே கொண்டுவந்தாலும், அச்சிலர் தெளிவான தேவையோடு வருகிறார்கள், போட்டியும் குறைவு. சிறு நிறுவனம் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

தேர்வு செய்யும் முறை

முதற்பட்டியலுக்குச் சிறந்த ஊற்று வாடிக்கையாளரின் பேச்சு. கடையில் கேட்கப்படும் கேள்விகள், வாட்ஸ்அப் விசாரணைகள், பழுதுபார்ப்புப் புகார்கள் ஆகியவற்றில் வரும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, தேடல் பெட்டி தானே முன்வைக்கும் பரிந்துரைகளையும், முடிவுகளின் கீழே வரும் தொடர்புடைய தேடல்களையும் சேர்க்கலாம். தளம் ஏற்கெனவே இயங்கினால், எந்தத் தேடலில் அது தோன்றுகிறது என்பதை கூகுள் சர்ச் கன்சோல் காட்டும்.

பின்னர் ஒரே நோக்கமுள்ள சொற்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு பக்கம் என ஒதுக்க வேண்டும். ஒரே சொல்லுக்கு இரு பக்கங்கள் இருந்தால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும். தெரிவான சொல் பக்கத் தலைப்பிலும், முதன்மைத் தலைப்பிலும், தொடக்கப் பத்தியிலும் இயல்பாக இடம்பெற வேண்டும். வாசிப்புக்கு இடையூறாக அதைத் திரும்பத் திரும்பத் திணிப்பது கூகுளின் விதிகளுக்கு மாறானது.

விளம்பரங்களில் விலக்குச் சொற்களும் முக்கியம். புதிய கிரைண்டர் விற்பவர் ‘செகண்ட் ஹேண்ட்’, ‘வாடகைக்கு’ போன்றவற்றை விலக்கினால் வீண் கிளிக்குகளுக்குப் பணம் போகாது.

தமிழ்த் தேடலின் தனித்தன்மை

தமிழ் பேசுபவர் ஒரே பொருளைத் தமிழ் எழுத்திலும், ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் தேடுகிறார். பேச்சுவழிக் கேள்விகளும் உண்டு. ஊர்ப்பெயர்களும் பல வடிவில் வழங்குகின்றன: கோவை, கோயம்புத்தூர், நெல்லை, திருநெல்வேலி. வேற்றுமை உருபு சேரும்போதும் சொல்வடிவம் மாறுகிறது: மதுரை, மதுரையில், மதுரைக்கு. இவ்வடிவங்கள் அனைத்தையும் பட்டியலில் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முதன்மைச் சொல்லை முடிவு செய்ய வேண்டும். தமிழில் தரமான வணிகப் பக்கங்கள் குறைவாக உள்ள தொழில்களில், நன்கு எழுதப்பட்ட ஒரு தமிழ்ப் பக்கம் முன்னிலை பெறுவது எளிது. தமிழை மட்டும் வாசிக்கும் வாடிக்கையாளருக்கு அது செய்யும் உதவியும் பெரிது.

சட்ட நிலை

போட்டி நிறுவனத்தின் வணிகப்பெயரை விளம்பரத் தேடுசொல்லாக வாங்குவது பல நாடுகளில் வழக்குகளுக்கு வித்திட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் லூயி வித்தோன் வழக்கில் இதை ஆராய்ந்தது. இந்தியாவில் தில்லி உயர்நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், அவ்வாறு பயன்படுத்துவது வணிகக்குறியின் ‘பயன்பாடு’ ஆகும் என்றும், வாடிக்கையாளருக்குக் குழப்பம் விளைவிக்காதவரை அதுவே உரிமைமீறல் ஆகிவிடாது என்றும் தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

தேர்வு ஒருமுறையில் முடிவதில்லை. சர்ச் கன்சோல் கடந்த 16 மாதங்கள் வரையிலான தோற்றங்கள், கிளிக்குகள், சராசரி நிலை ஆகியவற்றைத் தருகிறது. அதிகம் தோன்றியும் கிளிக் கிடைக்காத பக்கத்தின் தலைப்பையும், கிளிக் கிடைத்தும் விசாரணை வராத பக்கத்தின் உள்ளடக்கத்தையும் சீர்செய்ய வேண்டும். வருகையாளர் எண்ணிக்கை மட்டும் வெற்றியைக் காட்டாது. தேடிவந்தவர் தான் கேட்டதைப் பெற்று, அழைத்தாரா, வாங்கினாரா என்பதே ஒரு தேடுசொல் சரியானதா என்பதை முடிவு செய்யும் அளவுகோல்.